இப்ப நீங்க எங்களைக் கேளுங்க!

ரெண்டு வருசத்துக்கு முன்னால, சாரல் சீசன்ல, தென்காசியில ஒரு கல்யாண மண்டபத்துல நடந்தது இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வினாடி வினாப் போட்டி. எம் மக அப்போ ஒன்பதாம் வகுப்பு. அவளும் அவ கூட்டாளிப் பிள்ளையும் ஒரு அணி. எங்க ஊரு இலத்தூர்ல பஸ் ஏறும்போதே துண்டு, மாத்துத்துணி எல்லாம் பையில வச்சுக்கிட்டேன். போட்டி முடிஞ்சதும் அப்படியே குற்றாலத்துல ஒரு குளியலைப் போட்டுட்டு வந்துரலாம்னு நெனப்பு.

முதல் இடம் வர்ற அணிக்கு மட்டும் சென்னையில மாநிலப் போட்டி. அதுக்காக எம் மக டிவி பக்கமே திரும்பாம படிச்சா. இறுதிச் சுற்று வரைக்கும் நல்லாத்தான் போச்சு. கடைசியில, அதிக நிலாக்கள் உள்ள கிரகம் எதுன்னு கேட்டாங்க. இவ 'சனி'ன்னா. கேள்வி கேட்ட சார், "தப்பு, வியாழன்"னுட்டாரு. அந்த ஒரு கேள்வியில முதல் இடம் கைநழுவிப் போச்சு.

எனக்குத் தெரிஞ்ச சனி, ஆளைப் பிடிக்கிற சனிதான். ஆனா எம் மக மூஞ்சியப் பாத்தேன். அவ சொன்னதுதான் சரின்னு அதுலேயே தெரிஞ்சுது. விடுவேனா? முந்தானையை இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சுட்டேன். போட்டி வேலைக்குன்னு அங்கன நின்ன ஒரு காலேஜ் பிள்ளை, "உக்காருங்கக்கா, பெத்தவங்களுக்கு மைக் கிடையாது. இப்ப பிள்ளைகளே கேப்பாவ"ன்னா.

என்னடா இதுன்னு பாத்தா, கேள்வி கேட்ட சாரும் கூட இருந்தவங்களும் மேடையை விட்டு இறங்கி, பிள்ளைங்க உக்காந்திருந்த நாற்காலியில வந்து உக்காந்தாங்க. மைக்கைப் பிள்ளைங்க கையில கொடுத்தாச்சு. "இவ்வளவு நேரம் நாங்க கேட்டோம். இப்ப நீங்க எங்களைக் கேளுங்க. பதில் சொல்லிட்டுத்தான் பரிசு"ன்னாரு சார்.

மொதல்ல எல்லாம் சிரிச்சுதுங்க. அப்புறம் ராயகிரியில இருந்து வந்திருந்த பையன் ஒருத்தன், "எல்லாக் கேள்வியும் வெளியூரைப் பத்தியே கேக்குதீங்களே, நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா சார்?"னான். சார் சிரிக்கலை, மழுப்பலை. "நியாயம்தான், அடுத்த தடவை சேக்குதோம்"னாரு.

பிறகு மைக் எம் மக கைக்கு வந்துச்சு. குழம்புல உப்பில்லைன்னாகூட வாயைத் திறக்காம சாப்பிட்டுப் போறவ அவ. "சனிதான் சார் சரி. நீங்க பாத்த புத்தகம் பழசா இருக்கும்"னா. "இப்பவே பாத்திருவோம்"னு சார் பெரிய திரையில எல்லாரும் பாக்கத் தேடினாரு. சனிதான்! "நீ சொன்னதுதாம்மா சரி. மறுபடி சரிபாக்காம கேட்டது எந் தப்பு"ன்னு பளிச்சுன்னு சொன்னாரு. ஒரு சால்ஜாப்பு இல்லை. எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கியிருக்கேன், இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

முதல் இடம் எங்களுக்கு! நான் கைதட்டுத தட்டுல பக்கத்து ஆளு திரும்பிப் பாத்தாரு. ஆனா எம் மக மைக்கைக் கீழ வைக்கலை. கூட்டாளிப் பிள்ளையைப் பாத்தா, அது தலையை ஆட்டுச்சு. "இன்னொண்ணு இருக்கு சார். வேகச் சுற்றுல எங்க கடைசி பதிலை மணி அடிச்ச பிறகுதான் சொன்னோம். நீங்க கவனிக்காம மார்க் போட்டுட்டீங்க."

அடிப் பாவி மகளே! சார் எந்திரிச்சு நின்னு கைதட்டினாரு. ஆனா மார்க்கைக் குறைக்காம விடலை. எல்லார் கண்ணு முன்னாலயும் பலகையில அழிச்சு எழுதினாரு. திரும்பவும் ரெண்டாவது இடம். சென்னை போச்சு.

குற்றாலத்துக்குப் போற பஸ்ல பொறுக்க மாட்டாம கேட்டேன், "ஏட்டி, கிறுக்கா உனக்கு? ஒருத்தரும் கவனிக்கலையே!"

"அவரு அத்தனை பேரு முன்னால எந் தப்புன்னு சொல்லிட்டாரும்மா. அதுக்கப்புறம் நான் எப்படிச் சும்மா நிக்க?"ன்னா. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

தப்பு எம்மேலதான்னு சொல்ல எனக்கு இன்னிக்கும் வாய் வராது. ஆனா அதைப் பயமில்லாம சொல்லுத ஒருத்தி எங்க வீட்டுல இருக்கா, அவளுக்கு அந்த தைரியத்தைக் கொடுத்தது பெத்த நான் இல்லை, நாங்க பேரு கூடக் கேட்டுக்காம வந்துட்ட அந்தக் கேள்வி கேட்ட சார்தான்.