எனக்கு மட்டும் முதலிடத்தில் தெரிந்த வெப்சைட்

அந்த பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கேபினில் உட்கார்ந்தால் முட்டி நேராக சிபியூவில் போய் இடிக்கும். ஐந்தே நிமிடத்தில் கால் முழுக்க சூடு ஏறிவிடும்... இருந்தாலும் எனக்கு அந்த கேபின்தான் வேண்டும். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், எழுந்திருக்கிற வரைக்கும் முறைத்துக்கொண்டு நிற்பேன்.

திண்டிவனத்தில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் ஊருக்குப் போகிற வல்லம் பஸ் வருவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணிக்கு நான் பெரிய வெப்சைட் நிபுணர்!

சைட் என்னுடையது இல்லை, ஸ்டெல்லா அக்காவுடையது. கடையில் எனக்குப் பக்கத்து சீட். கல்யாணமாகி, பாண்டிக்குப் பக்கத்தில் பொம்மையார்பாளையம் போனாள். கடலைப் பார்த்தாற்போல வீட்டு மாடியில் இரண்டு ரூம் கட்டி, வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடலாம் என்று போர்டும் வைத்து, ஒரு சைட்டும் போட்டாள். தங்கத்தான் ஆள் வரவில்லை.

"தை மாசம் வரைக்கும் பாக்கறேன் மாலா. அப்பவும் யாரும் வரலன்னா ரூம குடுத்துடுங்க, மீன் வலைய போட்டு வெச்சிக்கறோம்னு கொழுந்தனாருங்க கேட்டுக்கினே இருக்காங்க."

"நான் எதுக்குக்கா இருக்கேன்? கவலய வுடு!"

அப்போதுதான் எஸ்இஓ பற்றிப் படித்திருந்தேன். தேடுகிறவர் கண்ணில் நம் சைட் முன்னால் படுவதற்கு என்ன செய்யவேண்டும் என்கிற விஷயம். படித்தது அரைகுறை, அலட்டல் முழுசு. 'பாண்டிச்சேரி பீச் ரூம்' என்ற வார்த்தையை ஒரே பக்கத்தில் நாற்பது தடவை எழுதினேன். அக்கா வாசித்துவிட்டு, "என்னாடி இது, ஜெபமாலை சொல்ற மாதிரி இருக்குது?" என்றாள்.

"உனுக்குத் தெரியாது, சும்மா இருக்கா" என்றேன். வாய் எனக்கு அப்படி.

தினமும் மூன்றாம் நம்பர் கேபினில் என் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, தேடி, நம் சைட்டையே க்ளிக் செய்வேன். முதலில் எங்கோ கிடந்தது. பத்து நாளில் மேலே வந்தது. ஒரு மாதத்தில்... முதலிடம்! அன்றைக்கு கடையில் எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தேன். "ஃபர்ஸ்ட்டுல நிக்கறோம்க்கா" என்று அக்காவுக்கு தினமும் போன். அவளும் நம்பி, ரூமுக்குப் புது பெட்ஷீட் எல்லாம் வாங்கிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு நாள் விழுப்புரம் போயிருந்தேன். சித்தப்பா மகன் குமரன் அண்ணன் அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். சும்மா இருக்க முடியுமா என்னால்? "தேடிப் பாருண்ணே, மொதல்ல வர்றது நம்ம சைட்டுதான்" என்றேன்.

தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாவதில் இல்லை. எட்டாவது பக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"எங்கம்மா இருக்குது?"

தினமும் கேபினில் செய்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "நீ டெய்லி உன் மெயில தொறந்து வெச்சிக்கினு அதயே தேடி அதயே பாத்துக்கினு இருந்தா, உனுக்குப் புடிச்சதுன்னு நெனச்சி உனுக்கு மட்டும் மேல காட்டியிருக்குது. ஊருக்கு எங்க காட்டிச்சு?"

ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையம் போனேன். பயம். பாண்டியிலிருந்து ஏறிய பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட்டு, ஈசிஆரில் வெயிலில் திரும்பி நடந்தேன். உள்ளே போனால் அக்கா போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்ததும், "எவ்ளோ சொன்னாலும் புரியல அவங்களுக்கு. தெரிஞ்சவங்க மூலமா வர்றேன்னு சொல்ற நாலு பேரும் இதயேதான் கேக்கறாங்க. அப்புறம் வர்றதில்ல" என்றாள்.

நான் உண்மையைச் சொன்னேன்.

 "அப்போ இத்தினி நாளா நீ ஒருத்திதான் பாத்துக்கினு இருந்தியா?" என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அழுதுவிட்டேன்.

"சரி, மூஞ்சி கழுவிக்கினு வா. கொழம்பு ஆறுது."

சாப்பிடும்போதுதான் கேட்டேன், போன் செய்கிறவர்கள் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்று. எந்த பஸ், எங்கே இறங்குவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குழந்தைகள் கடலில் குளிக்கலாமா... அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நாற்பது 'பீச் ரூம்' போனது. கேட்ட கேள்விகளே தலைப்பு, அக்கா சொன்னதே பதில். 'வெல்கம்' என்று மட்டும் இருந்த முகப்பில் ஊர் பெயரைப் போட்டேன். வெறும் நம்பராக இருந்த போட்டோக்களுக்கு எது என்ன என்று பெயர் வைத்தேன்.

"அலை ஜாஸ்தி, புள்ளைங்கள தண்ணியில எறக்காதீங்கன்னு போடு" என்றாள்.

"ஐயோ, அத போட்டா எவன்க்கா வருவான்?"

"வரலன்னா போறாங்க. போடுடி."

போட்டேன். மார்கழி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் கொழுந்தனார்கள் வந்து ரூமை அளந்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள்.

காணும் பொங்கலன்று போன் வந்தது. "சேலத்துலேர்ந்து ஒரு அம்மா பேசினாங்கடி! ரெண்டு புள்ளைங்களோட வர்றாங்களாம். எல்லாரும் வாங்க வாங்கன்னு எழுதியிருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் புள்ளைங்கள கடல்ல எறக்காதீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதான் உங்க வீட்டுக்கே வர்றோம்னாங்க!"

அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நானும் வீட்டிலிருந்தே பத்துப் பேருக்கு வெப்சைட் பார்த்துக்கொடுக்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று எல்லாம் ஸ்க்ரீனில் வந்துவிடுகிறது. தேடுகிறவர்களும் இப்போது டைப் அடிப்பதில்லை, போனைப் பார்த்துப் பேசுகிறார்கள். முதலிடம் என்று தெரிந்தால் சந்தோஷம்தான்... ஆனால் மைசூர்பா வாங்க ஓடுகிற சந்தோஷம் இல்லை.

போன மாதம், பசங்களுக்கு லீவு, இரண்டு நாள் தங்கலாம் என்று அக்காவுக்கு போன் செய்தேன்.

"ரூம் காலி இல்லயேடி மாலா, ஃபுல்லு! வேணும்னா வா, என்கூட கீழ படுத்துக்கோ."

இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் யார் வாயிலிருந்தும் 'இல்லை' என்று கேட்டதில்லை.