பங்களா வேலியோரச் சமதரை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டத் தோதான சமதரை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் மூச்சு வாங்கும் ஏற்றம், இல்லையென்றால் பிரேக் கட்டையைத் தின்னும் இறக்கம். அந்தச் சமதரை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா வேலியை ஒட்டி, தார் போட்டு, சருகு கூட்டிப் பெருக்கி, ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் நீளத்துக்குக் கிடக்கிறது. அந்த இடம் வந்ததும் தோட்டத்து ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். வேலி முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் மறுபடியும் ஏறி மிதிப்பார்கள்.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன காலத்தில் நான் சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். வேலி கண்ணில் பட்டதும் அவர் சொல்வதற்கு முன்பே குதித்துவிடுவேன். சைக்கிளுக்கு இளைப்பாற விட்ட இடம் அது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, துரைக்குக் காட்டும் மரியாதை என்று தெரிந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். தெரிந்த பிறகும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் பல்லைக் கடிக்க வைக்கிறது.

எங்கள் வீட்டில் கடைசி வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது கொழும்பில் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே உடன் வேலை செய்யும் இருவரோடு, கொழும்பிலிருந்து மட்டக்களப்புக் கடற்கரை வரை சைக்கிளில் போகக் கிளம்பியிருந்தேன். ஒருத்தி யாழ்ப்பாணத்துக்காரி. இன்னொருவன் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பையன். தமிழில் ‘சரி’, ‘போதும்’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வாழ்க்கையைச் சமாளிப்பவன். மூன்றாம் நாள் பொல்பிட்டிய வழியாக நோட்டன் பிரிட்ஜ் ஏறி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது மூவருக்கும் முழங்கால் கழன்றிருந்தது. ஆகவே நான்காம் நாளை மெதுவான நாளாக வைத்துக்கொண்டோம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை மட்டும். நடுவில் பிரதான வீதியை விட்டு விலகி, எங்கள் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. யோசனை என்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குத்தான் புறப்பட்டோம். வழியில் தேநீர் குடித்தோம், கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் குடித்தோம். குருநாகல்காரன் ஒவ்வொரு வளைவிலும் நின்று படம் எடுத்தான். யாழ்ப்பாணத்துக்காரி தேயிலைச் செடியைத் தொட்டுப் பார்த்து, “இதையே இவ்வளவு காலமும் குடிச்சனாங்கள்?” என்று சிரித்தாள். எனக்கும் மனம் இலேசாகத்தான் இருந்தது. என் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள், தலைக்கவசம், சிநேகிதர்கள். எங்கள் ஆட்கள் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோட்டத்து வழியில் திரும்பினேன்.

வழிகாட்டியாக முன்னால் போனது நான். தேயிலை அரைக்கும் ஸ்டோரைத் தாண்டி, இரண்டு முடக்கு வளைவுகள் ஏறி, பங்களா வேலி தெரிந்தது. நான் இறங்கிவிட்டேன்.

யோசித்து இறங்கவில்லை. கால் தானாகத் தரையில் ஊன்றியது. கை தானாக ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளியது. மற்ற இருவரும் என்னைத் தாண்டி, சமதரை கிடைத்த சந்தோஷத்தில் பறந்து போனார்கள். பங்களா வாசலில் காவல் நின்ற வாச்சர், விருந்தாட்கள் என்று நினைத்தாரோ என்னவோ, விறைப்பாக நின்று அவர்களுக்கு சலூட் அடித்தார். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர் என் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா.

“வந்துட்டியா புள்ள? தூரத்துல வர்றப்ப யாரோன்னு நெனச்சேன். எறங்குனதும் தெரிஞ்சுபோச்சு, நம்ம புள்ளதான்னு. எம்புட்டுப் படிச்சாலும் மரியாத மறக்கல பாரு.”

நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வேலி முடியும் இடத்தில் இருவரும் காத்திருந்தார்கள்.

“ஏன் இறங்கினனீ? சைக்கிளுக்கு ஏதும் பிழையோ?” என்றாள் யாழ்ப்பாணத்துக்காரி.

“தண்ணி குடிக்க,” என்றேன். போத்தலை நான் தொடவே இல்லை.

லயத்தில் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை என் இறுக்கமான கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னாடி இது, போட்டுக்கிட்டு தச்சாங்களா, தச்சுப்புட்டுப் போட்டியா? இம்புட்டுப் படிச்சும் பஸ்ஸுல வரக் குடுத்து வைக்கலியா ஒனக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வேலியோரம் இறங்கியதை மறக்க முடியவில்லை. அம்மா கோழிக் கறியும் பருப்பும் கீரையும் ஆக்கியிருந்தாள். குருநாகல்காரன் “போதும், போதும்” என்றான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு கரண்டி என்று பொருள். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக்காரி, ஏதாவது பேச வேண்டுமே என்று, அப்பாவிடம் சொன்னாள்.

“அங்கிள், உங்கட பங்களா வாச்சர் எங்களுக்குச் சலூட் எல்லாம் அடிச்சவர். இவள் மட்டும் அந்த நல்ல ரோட்டில இறங்கி உருட்டிக்கொண்டு வந்தவள்.”

“அதுவாம்மா,” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி. “அந்த எடத்துல நாங்க எறங்கித்தான் போவோம்.”

மழை பெய்தால் குடை பிடிப்போம் என்கிற மாதிரிச் சொன்னார். அந்தக் குரல்தான் என்னை வெடிக்க வைத்தது.

“யாரு அப்புடிச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“இப்ப இருக்க தொர சொன்னாரா?”

“அவரு வந்து ஆறு மாசங்கூட ஆவல. அவரு எங்க எங்ககூட பேசுறாரு.”

“அதுக்கு முன்ன இருந்தவரு?”

“இல்ல.”

“பின்ன எதுக்குப்பா எறங்குறீங்க?”

“எறங்குனா என்னா, காலு தேஞ்சா போகுது?”

“சாப்புடுற எடத்துல என்னா சத்தம்?” என்றாள் அம்மா.

நான் நிறுத்தவில்லை. அந்தப் புது துரைக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். அவரும் ஒரு பட்டம் படித்திருப்பார், நானும் படித்திருக்கிறேன். வீதி தோட்டத்தினுடையதாகவே இருக்கட்டும், என் கால்கள் யாருடையவை? இப்படி என்னென்னவோ கத்தினேன். திரும்பிப் போகும்போது இறங்கப் போவதில்லை என்றும் சொன்னேன்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார். “நீ மிதிச்சுக்கிட்டுப் போயிருவ. நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல என்னையத்தான் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. ஒம் மக என்னா, பெரிய ஆளாயிட்டாளான்னு. நான்தான் பதில் சொல்லணும்.”

அதைக் கேட்டு என் கோபம் இன்னும் கூடியது. காலமெல்லாம் இதே கயிற்றைத்தான் எங்கள் காலில் கட்டி வைத்திருக்கிறார்கள். துரை கட்ட வேண்டியதில்லை. பிள்ளைக்காகத் தகப்பனும், தகப்பனுக்காகப் பிள்ளையும், தாங்களே கட்டிக்கொள்வார்கள்.

நடந்ததை நான் குருநாகல்காரனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். யாழ்ப்பாணத்துக்காரிக்குத்தான் கண் விரிந்தது.

“நீ யோசிக்காதை! நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து பெல் அடிச்சுக்கொண்டு போவம். நான் வீடியோ எடுக்கிறன். சும்மா விடக்கூடாது.”

அவள் நல்லவள். என் பக்கம் நின்றுதான் சொன்னாள். ஆனால் அவள் கை ஏற்கெனவே ஃபோனைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“இது நீங்க நின்னு படம் எடுக்கிற இன்னொரு எடம் இல்ல,” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் போனா அவரு மறுபடியும் சலூட்டுத்தான் அடிப்பாரு. ஒங்களுக்கு அங்க எறங்குறதுக்கு ஒண்ணும் இல்ல. கீழ்ப் பாதையால போங்க. அப்பா காட்டுவாரு.”

அவள் முகம் சுருங்கியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கீழ்ப் பாதை தேயிலை நடுவே படி படியாக இறங்குவது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா அவளுடைய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தனியாக இறக்கத்தில் வந்தேன். வேலி தெரிந்ததும் வலது கால் தரையைத் தேடியது. அதை மிதியில் அழுத்தி வைத்தேன். வேகமாகப் போனால் தப்பி ஓடுவது போலாகிவிடும் என்பதால் மெதுவாக மிதித்தேன். அத்தனை மெதுவாக மிதித்தால் சைக்கிள் தள்ளாடும். தள்ளாடித்தான் போனேன். வீரமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வாச்சர் மாமா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு பூட்ஸ் தடதடக்க ஓடி வந்தார்.

“ஏ புள்ள! எறங்கு! எறங்கு புள்ள! தொர வெளிய இருக்காரு!”

“இருக்கட்டும் மாமா.”

“என்னா புள்ள இது? காலையில ஒழுங்காத்தான வந்த?”

“காலையில வந்தது தப்பு.”

“ஒங்கப்பன நெனச்சுப் பாரு!” பக்கத்திலேயே ஓடிவந்து கேரியரைப் பிடிக்கக் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ பிடிக்கவில்லை. “என்னையும் நெனச்சுப் பாரு. வாசல்ல நிக்கிறது நானு!”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இறக்கப் பார்த்தது. மூச்சிரைக்க ஓடும் அந்த மனிதர் மேல் இரக்கமும் வெறுப்பும் ஒன்றாக வந்தன. நான் இறங்கவில்லை.

வேலிக்கு அப்பால் புல்வெளியில் துரை நின்றிருந்தார். அரைக் கால்சட்டை, செருப்பு. வீதிக்கு முதுகைக் காட்டியபடி, யாரோடோ ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாமா போட்ட சத்தத்துக்குக்கூட அவர் திரும்பவில்லை. வேலியின் முழு நீளத்தையும் நான் கடந்தேன். அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை.

எனக்கு ஒரு சண்டை வேண்டியிருந்தது. ‘யார் அது’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அதற்குச் சொல்ல நான் எத்தனை வாக்கியங்கள் வைத்திருந்தேன்! அந்த முதுகிடம் எதைச் சொல்வது? எத்தனை காலமாக எத்தனை பேர் இந்த முதுகுக்கு இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, மிதித்துப் போனதில் இருந்திருக்க வேண்டிய கொஞ்சச் சந்தோஷமும் கருகிப் போனது.

பிரதான வீதியில் இருவரும் நின்றிருந்தார்கள். அப்பா சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். யாழ்ப்பாணத்துக்காரி ஃபோனை எடுக்கவில்லை.

“கோவிக்காதை,” என்றாள்.

“இல்ல,” என்றேன். கோபமாகத்தான் இருந்தேன், ஆனால் அவள் மேல் அதிகமில்லை. குருநாகல்காரன் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்தான். தலவாக்கலை வரை நான் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மெதுவான நாள் என்று சொல்லிவிட்டு அவர்களை நாய் விரட்டுவது போல் விரட்டிக்கொண்டு போனேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். தலவாக்கலை டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“வாச்சர் மாமா வீட்டுக்கு வந்திருக்காரு. பயந்துறாத. அப்பா பேசி எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரு.”

“என்னான்னு சொல்லி?”

“ஒனக்குப் பிரேக்கு புடிக்கலன்னு. நீ எறங்கத்தான் பாத்தியாம், வண்டி நிக்கலயாம். மாமாவும் சரின்னுட்டாரு. யாராச்சும் கேட்டா அப்புடியே சொல்லிக்கிறேன்னு சொல்றாரு. இப்பதான் டீ ஊத்திக் குடுத்தேன்.”

என் ஆயுளில் நானாகத் தீர்மானித்து, நடுங்கிக்கொண்டு செய்த ஒரு காரியத்தை, எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியிலேயே இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு டீயோடு சைக்கிளின் கோளாறாக மாற்றிவிட்டார்கள். அந்தத் துரைகூட எனக்கு இவ்வளவு செய்யவில்லை.

“ஃபோன மாமாகிட்டக் குடு.”

“எதுக்கு இப்ப...”

“குடும்மா.”

கை மாறும் சத்தம் கேட்டது.

“மாமா, என் சைக்கிள்ல பிரேக்கு நல்லாப் புடிக்கிது. நான் வேணும்னுதான் எறங்கல. யாரு கேட்டாலும் அப்புடியே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் டீயை உறிஞ்சும் சத்தம். சற்றுத் தள்ளி அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது.

“அலோ,” என்றார் மாமா. “அலோ... ஒண்ணுமே கேக்கல புள்ள. இங்க சிக்னல் இல்ல.”

“நான் வேணும்னுதான் எறங்கல!” கொத்துப் போடுகிறவர் ரொட்டி கொத்தும் தகட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடையே பார்த்தது.

மாமா லைனை வெட்டிவிட்டார். நான் திரும்பவும் அழைத்தேன்.