சித்தி எங்களைப் பட்டினி போடவில்லை

எங்கள் அழைப்பை ஏற்றுச் சித்தியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மறைந்தவரின் நற்குணங்களைச் சொல்லி, வந்தவர்களுக்கு நன்றி கூறி முடிப்பதுதான் இப்படிப்பட்ட நினைவு மலருக்கு முறை. நானும் முறைப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். காரணம் இதுதான். சென்ற ஆண்டு பதினாறாம் நாள் பந்தியில் நம் உறவுக்காரர் ஒருவர் இலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பசங்களக் கூழ ஊத்தி வளத்த பொம்பளதானே. செத்த பின்னாடியும் அதே சிக்கனந்தான் நடக்குது." அவரும் சிரித்தார், கேட்டவரும் சிரித்தார். நான் அப்போது அவர்களுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சித்தி உயிரோடு இருந்தபோது அறுபது ஆண்டுகளாக அவர் காதுபடவே சொன்ன பேச்சு அது. அன்று வாயில் வராத பதிலை இன்று எழுதுகிறேன். படிப்பவர்களுக்குக் கோபமாகத் தெரிந்தால், ஆம், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சித்தி தென்னேரியில் பிறந்தவர். நான்கு பெண்களில் மூன்றாமவர். சொந்த நிலம் இல்லாத வீடு. ஏரித் தண்ணீர் பாயும் கொஞ்சம் குத்தகைப் பயிர்தான் பிழைப்பு. பள்ளிக்கூடம் போனதில்லை. அறுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்த எங்கள் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. எங்களைப் பெற்ற அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் வந்தபோது எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம், ஒரு தறி இருந்தது, ஒரு கடன் இருந்தது.

அந்தக் கடன் வந்த வழியை இங்கே இருப்பவர்களில் பலர் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. பெற்ற அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வேலூருக்கும் சென்னைக்கும் கொண்டுபோனார் அப்பா. தான் யாருக்குப் புடவை நெய்து கொடுத்தாரோ அந்த முதலாளியிடமே பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார். அம்மா பிழைக்கவில்லை. கடன் அதோடு நின்றிருந்தால்கூட அடைத்திருப்பார். ஏனாத்தூரிலிருந்து வந்த எங்கள் தாய்மாமா பதினாறாம் நாளைப் பெரிதாகச் செய்தாக வேண்டும் என்றார். "என் தங்கச்சி அநாதப் பொணமா? வடை பாயசம் இல்லாம காரியம் பண்ணா ஊரு சிரிக்கும்பா" என்றார். ஊர் சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்து மூன்று பந்தி சாப்பிட்டுவிட்டுப் போனது. அப்பா இரண்டாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் எழுதிக் கொடுத்த நெசவாளி கடன் தீரும்வரை வேறு எவரிடமும் வேலைக்குப் போக முடியாது. முதலாளி சொல்வதுதான் கூலி. பட்டு எடை குறைந்தது, ஜரிகை வீணானது என்று அதிலும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் நெய்தும் எங்கள் கடன் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருந்தது. அப்பாவுக்கு அது எவ்வளவு என்றுகூடத் தெரியாது. கேட்கப் பயம்.

சித்தி வந்த முதல் வாரமே கேட்டுவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய், கணக்குப்பிள்ளையிடம் பேரேட்டைக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். நான்காம் வகுப்புப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்டுக்கொண்டு திரும்பியவர், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்:

"இன்னாங்க, நீங்க நெய்யறது கூலிக்கில்ல, வட்டிக்கு. இது இப்படியே போனா தம்பியும் அவுங்க தறியிலதான் ஒக்காரும். நாலஞ்சு வருசம் வாயக் கட்டிக்கலாம். என்னைய யாரு இன்னா சொன்னாலும் நீங்க நடுவுல வராதீங்க."

அப்பா தலையாட்டினார். அடுத்த ஐந்து ஆண்டுகளும் அவர் நடுவில் வரவே இல்லை. ஊர் சித்தியைப் பேசியபோதும் வரவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் இந்த ஒன்றில் அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து காலையில் கேழ்வரகுக் கூழ், பகலிலும் அதுவே, பொழுது சாயும்போது மட்டும் ரேஷன் அரிசிச் சோறு. காபி நின்றது. அப்பாவின் பீடி நின்றது. மார்க்கெட் கலையும் நேரம் பார்த்துப் போய், கட்டுக்குக் கட்டு பேசி, வாடிய கீரை வாங்கி வருவார். தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. தென்னேரியில் அவருடைய தங்கை கல்யாணத்துக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போய் வந்தார். அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கழுத்துத் தாலியில் இருந்த பொன்னை விற்றுவிட்டு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டார். "அடகு வைக்கலாமே" என்ற அப்பாவிடம், "அதுக்கும் வட்டி கட்டவா?" என்று கேட்டார். மூன்றாம் ஆண்டு தங்கை பிறந்தாள். பால் மறந்ததும் அவளுக்கும் அதே கூழ்தான். சொந்தப் பெண்ணுக்கு ஒரு தட்டு, எங்களுக்கு ஒரு தட்டு என்று அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் தெருக்குழாயடியில் பேசப்பட்டது வேறு. "மூத்தாளு பசங்களுக்குச் சோறு போடாம கொல்றாடி. தறி ஓடிக்கினுதான இருக்குது, பணம்லாம் எங்க போவுது? தென்னேரிக்கு அனுப்பறா." இதைச் சொன்னவர்கள் யாரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் மாமா வந்தார். "இன்னா சாப்ட்ட பாப்பா?" என்று கேட்டார். "கூழு மாமா. தெனமும் கூழுதான்" என்று அழுதேன். கடனைப் பற்றி எனக்குத் தெரியும். அந்தப் பேரேட்டைப் படித்தவளே நான்தான். அதை நான் சொல்லவில்லை. பசியோடு இருந்த எனக்குச் சோறு மட்டுமே நினைவில் இருந்தது.

மாமா நடுத்தெருவில் நின்று கத்தினார். "என் தங்கச்சி வயித்துப் புள்ளைங்கள நாய் மாதிரி வெச்சிக்கினுகீறியே, நீ உருப்புடுவியா?" தெருவே கூடி நின்றது. சித்தி எங்கள் துணிகளை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஏனாத்தூரில் முதல் நாள் கோழிக் குழம்பு. மூன்றாம் நாள் ரசம். ஏழாம் நாள் அத்தை அடுப்படியில் மாமாவிடம் பேசியது எனக்கும் தம்பிக்கும் கேட்டது: "அவன் புள்ளைங்களுக்கு எத்தினி நாளைக்கு நாம வடிச்சிக் கொட்டறது?" பத்தாம் நாள் மாமா எங்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். வீடுவரை வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன கதையை ஊருக்கே சொன்னவர், திருப்பி அனுப்பிய கதையை யாருக்கும் சொல்லவில்லை.

நாங்கள் வாசலில் நின்றோம். சித்தி குழலில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வந்துட்டீங்களா? கை கால் கழுவிக்கினு வாங்க" என்றார். எங்களுக்குத் தட்டு வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "பாப்பா, இது உங்கம்மாவுக்கு மருந்து வாங்கின கடன். அத அடைக்காம வுட்டா, செத்துப்போனவங்க பேரச் சொல்லிச் சொல்லியே நம்மள வேலை வாங்குவாங்க. அவுங்க பேர் அப்படி அடிபடக் கூடாது."

பெற்ற தாயின் பெயரைக் காத்தவர் அவர். அந்தத் தாயின் உறவுகள் காத்தது என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பணம் சேர்ந்துவிட்டது. சித்தி அதை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். அவர் வாங்கவில்லை. முதல் தடவை, "வெள்ளிக்கெழமையில பணம் வாங்கறதில்லம்மா" என்றார். இரண்டாம் தடவை, பத்திரம் மெட்ராஸில் வக்கீலிடம் இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே, "இன்னா அவசரம்? பணத்த வெச்சிக்க. பொண்ணு வளந்துட்டாளே, கல்யாணத்துக்கு வேணும்னா இன்னும் தரேன்" என்றார்.

நல்ல நெசவாளியின் கடன் தீர்ந்தால் நெசவாளி போய்விடுவான். அவருக்குப் பணம் தேவையில்லை, அப்பாவின் கைகள்தான் தேவை. ஐந்து ஆண்டுகள் எங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வைகாசியில் கருடசேவை வந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமமெல்லாம் நகரத்துக்கு வந்திருந்தது. முதலாளி ஆண்டுதோறும் தன் வீட்டு முன் பந்தல் போட்டு மோர் கொடுப்பார். பட்டு அங்கவஸ்திரத்தோடு தானே நின்று, கும்பிட்டுக் கும்பிட்டுக் கொடுப்பார். பக்கத்தில் அவருடைய சென்னை வியாபாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்தி எங்கள் மூவரையும் குளிக்கவைத்து, துவைத்த துணி உடுத்திவிட்டு, வரிசையில் கூட்டிப்போய் நிறுத்தினார். அப்பா எதிர்ச்சாரியில் கூட்டத்துக்குள் நின்றுகொண்டார்.

எங்கள் முறை வந்தது. முதலாளி டம்ளரை நீட்டினார். சித்தி வாங்கவில்லை.

"மோர் வேணாங்க. எங்க வூட்டுக்காரரு எழுதிக் குடுத்த பத்திரத்தக் குடுங்க. வட்டியோட முழுப் பணமும் இந்தா இருக்குது" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். குரலைத் தாழ்த்தவே இல்லை.

"சாமி வர்ற நேரத்துல இன்னாம்மா இது? வூட்டாண்ட வந்து பேசு."

"மூணு வாட்டி வந்தேங்க. சாமி வரட்டும். சாமி எதிர்லயே வாங்கிக்கினு குடுங்க."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரோ ஒரு வயதான நெசவாளி உரக்கக் கேட்டார்: "வாங்கிக்கியேன்பா! அந்தம்மா குடுக்கறேன்னுதானே சொல்லுது? குடுன்னா கேக்குது?" கூட்டம் சிரித்தது. வியாபாரிகளில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து என்னவென்று விசாரித்தார். முதலாளியின் முகம் கறுத்தது. கணக்குப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். மெட்ராஸில் இருந்ததாகச் சொன்ன இரண்டு பத்திரங்களும் வீட்டுக்குள்ளிருந்து ஐந்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தன. சித்தி அவற்றை என்னிடம் கொடுத்து, அப்பாவின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். பிறகுதான் பணத்தைக் கொடுத்தார்.

அதோடு நல்ல காலம் பிறந்தது என்று எழுத ஆசைதான். பிறக்கவில்லை. மறுநாளே முதலாளியின் ஆட்கள் வந்து தறியிலிருந்த பாவு நூலை அறுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் வேறு எந்த முதலாளியும் மூன்று மாதம் அப்பாவுக்குப் பட்டு கொடுக்கவில்லை. மறுபடியும் கூழ், இந்தத் தடவை மூன்று வேளையும். "இதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்?" என்றார் அப்பா. "இன்னிக்கு யாரும் நம்மள வான்னு கூப்புடல. ஆனா நீ இங்கதான் வரணும்னு சொல்லவும் ஒருத்தனும் இல்ல" என்றார் சித்தி. நான்காம் மாதம் அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இடம் கிடைத்தது. தறி மறுபடி ஓடியது. மாமா இதற்கும் ஒன்று சொன்னார்: "பொம்பள நடுத்தெருவுல நின்னு குடும்ப மானத்த வாங்கிட்டா."

அந்த ஆண்டு தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்தார். தனக்கும் பச்சையில் ஒரு புடவை எடுத்துக்கொண்டார். தியாகி வேடம் அவருக்குப் பிடிக்காது. காபி திரும்பி வந்தது. மாதம் ஒரு மேட்டினி சினிமாவுக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். கஞ்சத்தனம் அவர் குணமாக இருந்திருந்தால் கடன் தீர்ந்த பிறகும் இருந்திருக்க வேண்டுமல்லவா? எங்களைப் படிக்க வைத்தார். நான் தபால் அலுவலகத்திலும், தம்பி மின்வாரியத்திலும், தங்கை செவிலியராகவும் வேலைக்குப் போனோம். தம்பி தறியில் உட்காரவில்லை.

எனக்கு நாற்பது வயதான பிறகு ஒருநாள் துணிந்து சொன்னேன்: "சித்தி, அன்னிக்கு மாமா கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும். பசிச்சிது, சொன்ன. அதுல இன்னா தப்பு? கேட்டுட்டு அவ்ளோ தூரம் கத்திக்கினு வந்தாரே, அவரு கையில ஒரு படி அரிசி எடுத்தாந்திருக்கலாம்."

அறுபது ஆண்டுகளில் அவர் யாரைப் பற்றியும் சொன்ன ஒரே குறை அதுதான்.

கடைசி நான்கு மாதம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருந்தாள். நினைவு தெளிவாக இருந்த ஒரு பிற்பகலில் எங்கள் மூவரையும் அழைத்து, "காரியத்துக்குக் கடன் வாங்காதீங்க. இருக்கறத வெச்சி வந்தவங்களுக்கு வயிறு நெறையப் போடுங்க. ஊருக்குக் காட்டறதுக்கு எதுவும் வேணாம்" என்றார். இரண்டு நாளில் மறைந்தார். அவர் சொன்னபடியே சாதம், சாம்பார், ஒரு பொரியல், மோர் என்று போட்டோம். அதைப் பார்த்துத்தான் அன்று பந்தியில் சிரித்தீர்கள். எங்களிடம் பணம் இல்லாமல் அல்ல. ஒரு சாவின் பெயரால் மூன்று பந்தி போட்டு ஒரு குடும்பம் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்து அக்கா, சித்தி சேர்த்த பணத்தையெல்லாம் தன் அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்தார்; ஐந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை, ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அவர் இன்று இல்லை. வந்திருக்கும் அவருடைய பிள்ளைகளை வணங்குகிறோம். சீருடை கிழிந்திருந்ததற்காக என்னை ஒருநாளும் வெளியே நிறுத்தாத பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்கும், கருடசேவை வரிசையில் குரல் கொடுத்த, பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்கும், சித்தியைக் கடைசி நாட்களில் தூக்கி உட்கார்த்திய மருத்துவமனைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

அவரைக் கொடுமைக்காரி என்று சொன்னவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். முன்னறையில் சித்தியின் படம் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள். அதன் முன் நின்று, தவறாகப் பேசிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவோம்.

தம்பி, தங்கை சார்பில்,
மூத்த மகள்