ஆமாம் என்றால் ஒரு பீப்

என் அக்கா புருஷனைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டர் என்பார்கள். "மீட்டர் வந்துட்டாரா, மீட்டர் சாப்பிட்டாரா" என்று அவர் காதுபடவே கேட்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் மின்மீட்டரின் சிவப்பு ஊசியையும் கறுப்பு ஊசியையும் செருகிக்கொண்டு திரிகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எங்கள் கம்பெனி குளிர்சாதனக் கிடங்குகளுக்கு போர்டு செய்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் ஒரு சிப், சிப்புக்குள் ஒரு புரோகிராம். சுற்றிலும் குளிரைப் பார்க்கிற சென்சார், கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிற சுவிட்ச், ஏதாவது தப்பென்றால் அலறுகிற பஸர். கோளாறாகித் திரும்பி வருகிற போர்டெல்லாம் மாடியில் எங்கள் இருவர் மேசைக்கு வரும். இது இன்ன கூத்து அடிக்கிறது என்று பார்த்துச் சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. ஏன் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அத்தான் வேலை.

புரோகிராம் எழுதுகிறவர்களைக் கேட்டால் போர்டு சரியில்லை என்பார்கள். போர்டு செய்கிறவர்களைக் கேட்டால் புரோகிராம் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அத்தான் எந்தப் பக்கமும் சேரமாட்டார். கரண்ட் ஒழுங்காக வருகிறதா, அடுத்து வயர், அடுத்து சென்சார், கடைசியில் புரோகிராம் என்று ஒரு படியைக்கூடத் தாண்டாமல் வருவார். ஒரு போர்டோடு பத்தொன்பது நாள் மல்லுக்கட்டினார். மேனேஜர் வந்து, "தூக்கிப் போட்டுட்டு புதுசு குடுத்துடுங்க சார், விட்டது சனி"ன்னு கெஞ்சினார். "குடுக்கலாம். அதுக்கும் இதே வியாதி இருந்தா?" என்று கேட்டுவிட்டு அத்தான் குனிந்துகொண்டார். எனக்கென்றால் ரத்தம் கொதிக்கும்.

அக்கா விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையில் ஈரத் தலையணை உறையோடு அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். உயிர் மட்டும் மிஞ்சியது. கண் திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்கிறதா சுவரைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. டாக்டர் அம்மா எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: "உள்ளே முழிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இடது கை ஆள்காட்டி விரல் எப்பவாவது லேசா அசையுது. அவங்களா அசைக்கிறாங்களா, தானா அசையுதான்னு எங்களால சொல்ல முடியல."

நான் அவள் தங்கை, தனிக்கட்டை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பகலில் ஒரு நர்ஸ் அம்மா, மற்ற நேரமெல்லாம் நானும் அத்தானும்.

அந்த ஒரு விரலை அத்தான் பிடித்துக்கொண்டார். தூசி பட்டாலும் அழுந்துகிற மாதிரி ஒரு சுவிட்சைத் தேடிப் பிடித்து விரலுக்கு அடியில் பிளாஸ்டரால் ஒட்டினார். அதிலிருந்து ஒரு வயர், கட்டிலின் இடது கம்பியோடு ஓடித் தலைமாட்டில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் அவர் கையால் செய்த போர்டு. விரல் அழுத்தினால் ஒரு பீப். ஆமாம் என்றால் ஒரு பீப், இல்லை என்றால் சும்மா இரு என்று அக்காவின் காதில் குனிந்து சொல்லிக்கொடுத்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்கு அவர் அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் அந்தப் பெட்டி வாயே திறக்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, "நான்தான்னு தெரியுதா?" என்று கேட்பார். பதில் இருக்காது. இன்னொருத்தராக இருந்தால் நெஞ்சு உடைந்து எழுந்து போயிருப்பார். இவர் பெட்டியைத் திறப்பார். சுவிட்சை மூன்று தடவை மாற்றினார். வயரை மாற்றினார். கடைசியில், "சிப்பு பழசு, மந்தமா இருக்கு" என்று முடிவு கட்டி, புதுசாக வந்திருந்த சிப்பைப் போட்டு, பழைய புரோகிராமையே அதற்கு மாற்றி எழுதி, இன்னொரு பெட்டி செய்தார்.

அன்று சாயங்காலம் கட்டிலின் இடது பக்கம் நாற்காலி போட்டு, அக்காவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "நான்தான்னு தெரியுதா?" என்றார். பீப் என்றது. அந்த மனுஷன் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். நானும்தான் அழுதேன், சும்மா சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறக்கட்டுமா? பீப். பேப்பர் படிக்கட்டுமா? பீப். "இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் உங்க பேச்சுக்கு ஆமாம் போடறா"ன்னு நான் கிண்டல் செய்தால் வெட்கப்படுவார். சில நாள் கேள்வி கேட்காமலே பீப் வரும். "பாரு, கூப்பிடறா" என்று ஓடுவார். அவருக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டி, கன்னம்கூட வைத்தது.

எனக்கு மட்டும் அவள் பதில் சொல்லமாட்டாள். சாப்பாடு ஊற்றுகிற மூக்குக் குழாய் வலது பக்கம் என்பதால் நான் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவேன். அங்கிருந்து நூறு கேள்வி கேட்டிருப்பேன். எப்போதோ ஒன்று வந்தால் உண்டு. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன். "ஏண்டி, பீ மூத்திரம் அள்றது நானு, ஆமாம் சாமி போடறது உன் புருஷனுக்கா? என்கிட்ட பேச வாய் வலிக்குதா?" அதோடு விட்டேனா? இரண்டு நாள் அவளுக்குத் தலை வாரிவிடவில்லை. வேண்டுமென்றேதான். அதை இன்று நினைத்தாலும் எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. அம்மாவை இப்படி விட்டுப் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "அம்மாவையே கேளு"ன்னு அத்தான்தான் சொன்னார். இடது பக்கம் அவர் கை பிடித்து உட்கார்ந்திருக்க, அவள் கட்டில் ஓரம் முட்டி போட்டு, "அம்மா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். பீப். "நிஜமாவா சொல்றே?" பீப். அந்த இரண்டு பீப்பை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வாள். அத்தான் போனை அக்கா காதருகே பிடித்துக்கொள்வார், அவள் பேசுவாள், பெட்டி ஆமாம் போடும்.

அப்படியே இருந்திருக்கலாம். மீன் கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு போர்டு வந்தது. கதவு மூடியே இருக்கிறது, ஆனால் யாராவது பக்கத்தில் நடந்தால் அலாரம் அடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மேசையில் வைத்து கரண்ட் கொடுத்தேன். சும்மாதான் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் எடுக்கக் கையை நீட்டினேன், அலறியது. கையை இழுத்தேன், அடங்கியது.

"அத்தான், இங்க வாங்களேன். என் கைராசியைப் பாருங்க. தொடாமலே அடிக்குது!"

வந்து தன் கையை நீட்டினார். அடித்தது. மீட்டர் ஊசியை வைத்துப் பார்த்தார். "பின்னு அந்தரத்துல நிக்குது" என்றார்.

சுவிட்ச் வயர் சிப்புக்குள் நுழைகிற கால்தான் பின். சுவிட்ச் அழுந்தாதபோது அந்தக் காலை ஏதாவது ஒன்று இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். கரண்டை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டர் போடலாம், இல்லை, புரோகிராமில் ஒரு வரி எழுதினால் சிப்பே பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அது காற்றில் ஆடும். பக்கத்தில் ஒரு ஆள் கை வந்தாலே யாரோ அழுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அத்தான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்.

கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தார். அந்த வரி இருந்தது. ஆனால் அது பழைய சிப்புக்கான வரி. புதிய சிப் அதைத் தப்பென்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாது.

"எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்று சிரித்தேன்.

"நான்தான். வீட்டுல எழுதினதைத்தான் இங்கயும் கொண்டுவந்து போட்டேன்."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவர் வெளியே போய் நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் முதலில் வலது பக்கம், என் நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தான்னு தெரியுதா?" என்றார். சத்தமில்லை. எழுந்து இடது பக்கம் வந்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. வயர் அருகே கையைக் கொண்டுபோனார். பீப். எடுத்தார். கொண்டுபோனார். பீப். எடுத்தார். அப்படி எத்தனை தடவை செய்தார் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அந்த மனுஷன் தன் கையோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

போர்டில் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைச் சூடேற்றினார். ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாம் அத்தான். இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"தப்புன்னு தெரிஞ்ச பிறகு எப்படிம்மா விடறது?"

கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு நிமிட வேலை. சுவிட்சை என் விரலால் அழுத்திப் பார்த்தேன், பீப் என்றது. பாழாய்ப்போன பெட்டி, இப்போது கச்சிதமாக வேலை செய்தது. அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இருட்டுகிற வரைக்கும் கேட்டார், ஒரு பீப்கூட வரவில்லை. பிறகு, "அப்போ முதல் பெட்டிதான் சரியா இருந்திருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் அதற்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். வழக்கமான வலது பக்கத்து நாற்காலியிலிருந்தே எட்டி, அக்காவின் விரலோடு என் கட்டைவிரலையும் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டேன். பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்கட்டுமே, ஒரு பொய்யில் என்ன குடிமுழுகிப் போகிறது? அத்தான் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மாடி, அது அம்மா இல்ல. நான் போர்டுல விட்ட தப்பு. என் கை பக்கத்துல இருந்தாலே அடிச்சிருக்கு. இப்ப சரி பண்ணிட்டேன்."



"அப்போ நான் போகட்டுமான்னு கேட்டப்போ?"

"அதுவும் என் கைதாம்மா."

"அம்மா சரின்னு சொல்லவே இல்லையா?"

"தெரியலம்மா. அப்பாவுக்குத் தெரியல."

"ஏம்ப்பா சரி பண்ணீங்க?" என்று கத்தினாள். "உங்களை யார் சரி பண்ணச் சொன்னா?" என்னைப் போலவே கத்தினாள். போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அத்தான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான்தான் அவளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள். மத்தியானம் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வயர் இருக்கிற பக்கம் ஒருத்தரும் இல்லை. அத்தான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "உன் புருஷன் சமையல்ல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. நாக்கு செத்துப்போச்சு. நீ குடுத்துவெச்சவடி, குழாயில சாப்பிடறே" என்றேன்.

பீப் என்றது.

நகவெட்டியைப் போட்டுவிட்டு அலறினேன். அத்தான் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தார். "அடிச்சுது அத்தான்! நான் இங்க இருக்கேன், நீங்க அங்க இருக்கீங்க, அடிச்சுது!"

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெட்டியிடம் போனார். விரலிலிருந்து பிளாஸ்டரைப் பிரித்து, சுவிட்சைக் கழற்றி, எல்லாவற்றையும் மேசைக்கு எடுத்துப் போனார். கரண்ட் பார்த்தார். வயரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ரெசிஸ்டரைப் பார்த்தார். "அவ முகத்தைப் பாருங்க அத்தான், கும்பிட்டுக் கேட்டுக்கறேன், ஒரு தடவை முகத்தைப் பாருங்க" என்று நான் அழுதேன். "இரும்மா" என்றார். ஒரு மணி நேரம் ஆனது.

"என்ன?" என்றேன்.

"போர்டுல ஒண்ணும் இல்ல."

"அப்போ?"

"சுவிட்சு தேய்ஞ்சிருக்கலாம். வேற வாங்கி மாத்திடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அக்காவின் விரலில் பிளாஸ்டர் இருந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. அதில் சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை. முதல் தடவையாக இடது பக்கம் போய் உட்கார்ந்து, அந்த விரலை என் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். "நீதானாடி?" என்று கேட்டேன். "நீயே சொன்னியா?"

ஏதோ அசைந்தது. அவள் விரலா, என் கை நடுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.