பதினேழாம் கட்டத்துப் போன்

நான் வாட்ச்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனியின் வாசலில் ஒரு மரப்பெட்டி சுவரோடு அறைந்திருக்கும். நாற்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். உள்ளே வெடிமருந்து புழங்குவதால் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேன் வந்து நின்றதும் ஆட்கள் வரிசையாக நின்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சுவரொட்டியையும், அச்சில் வீணாகிப்போன காலண்டர் தாளையும் எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழும் இங்கிலீஷ் நம்பரும் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

பதினேழாம் கட்டம் எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவுடையது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். அதனால் எனக்குத் தங்கச்சி. வெடிக்கு மருந்து செலுத்துகிற வேலை. சாயங்காலம் அலுமினியத் தூள் பளபளக்கும் கையை நீட்டி, "பாத்தீகளாண்ணே, கையெல்லாம் வெள்ளி, கழுத்துல ஒண்ணையும் காணோம்" என்று சிரிக்கும். ஒரே மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்க நுழைவுத் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றார்கள். "பல்லியப் பாத்தா பக்கத்து வீட்டுக்கு ஓடுறவ, வயித்தக் கிழிச்சு வைத்தியம் பாக்கப் போறாளாம்" என்று வேனில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காது தங்கச்சிக்கு.

தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஏதோ சான்றிதழ் வரத் தாமதமாகி, அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருந்தது ஒரே போன். அதை மகளிடம் விட்டுவிட்டு வர வேண்டியவள், தினமும் செய்கிற பழக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். வாசலில் வந்துதான் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு ஒரு நம்பர் வருமாம்ணே. அது இல்லன்னா விண்ணப்பம் போகாதாம். அவ கடை போன்ல கூப்பிடுவா, எடுத்துப் படிச்சுச் சொல்லிருங்க. ஒங்களுக்குத்தான் எழுத்துத் தெரியுமே. அஞ்சு மணியோட முடிஞ்சிருமாம்." சரி தாயி என்றேன்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை நீட்டினேன், பக்கத்தில் போர்மேன் நின்றார். "எவ போன்லே அது?" என்றார். சொன்னேன். "இவ போன எடுத்தா நாளைக்கு நாப்பது பேரு போனையும் எடுக்கணும். இது டெலிபோன் ஆபீசாலே? டாக்டரம்மா வந்துதான் ஒனக்கு ஊசி போடணுமோ? அணைச்சு வை." அணைத்தேன். அவர் போன பிறகும் இரண்டு மணி நேரம் கிடந்தது. நான் போனை உயிர்ப்பிக்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால்கூட அது எனக்குக் கௌரவமாகப் போய்விடும். டீ வந்தது, குடித்தேன். அன்றைய வடையில் உப்பு கூடுதல் என்பதுகூட நினைவில் இருக்கிறது.

ஐந்தரைக்குத் தங்கச்சி ஓட்டமாக வந்தாள். போன் இருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சார்ஜ் தீந்துபோச்சு போல தாயி" என்றேன். நம்பினாள். "ராத்திரி சார்ஜ் போட மறந்த பாவி நாந்தான்" என்று வெள்ளிக் கையால் வாயில் அடித்துக்கொண்டாள். முகத்தில் ஐந்து விரலும் மினுங்கின.

அடுத்த வருஷம் எழுதட்டும் என்றார்கள் எல்லோரும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மகளும் வேனில் ஏறினாள். அது ஆகிவிட்டது நான்கு வருஷம். தங்கச்சிக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, வேலைக்கு வருவதில்லை. மகள் வாசலில் நுழையும்போதெல்லாம் போர்மேன், "டாக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் நாக்க நீட்டுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பதினேழாம் கட்டம் இப்போது அவளுடையது. சேர்ந்த முதல் நாளே வரிசையில் நின்று போனை அமுக்கி, திரை இருளும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "அணைச்சே தாரேன் மாமா. ஒங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்றாள். விண்ணப்பம் தவறிய அன்றைக்கு வீட்டில் அந்தப் போனைத் திறந்து பார்த்தவள் அவள்தான். சார்ஜ் எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. என்னிடமும் வேறொன்றும் கேட்டதில்லை. இன்று காலையும் அணைத்துத்தான் கொடுத்தாள். வாங்கிப் பதினேழில் வைத்தேன்.