தவமலரின் முற்றத்துக்கு வந்துபோனவர்கள்

சிட்னியின் செவன் ஹில்ஸ் பகுதியில் ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தவமலர், வெக்கையால் கோடை முழுக்கப் பூட்டிக்கிடக்கும் ஆஸ்திரேலியப் பாலைவன விடுதியொன்றைத் தனியாகக் காவல்காக்கப் போனார். போன அன்று மாலை முற்றத்து மணலைக் கூட்டிவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் புதிய கால்தடங்கள். ஒன்று வாலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. இன்னொன்று துள்ளித் துள்ளிப் போயிருந்தது. அதன்பிறகு மாலைதோறும் கூட்டினார்.

“தனிய இருக்கப் பயமில்லையோ அம்மா?” என்று சிட்னியிலிருந்து மகள் சுஜீவா தொலைபேசியில் கேட்டாள்.

“பயப்பிட எங்க பிள்ளை நேரம்? ஆர் வந்து போயிருக்கினம் எண்டு பாக்கவே நேரம் சரி.”

ஒருநாள் விடியலில் வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார். கை நீள உடும்பொன்று வந்து, நின்று, அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனது. துள்ளிப்போனது எதுவென்று கோடை முடியும்வரை தெரியவில்லை. விடுதிக்காரர் திரும்பியதும், அடுத்த கோடைக்கும் தன்னையே கூப்பிடும்படி தவமலர் அவரிடம் கேட்டுக்கொண்டார்.