மேட்டில் பார்த்த கியர் ஆயில்

வண்டிப்பெரியார் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் போர்வை விற்கிறேன். பழைய ஆட்டோமேட்டிக் கார்தான் எனக்குக் கடையும் படுக்கையும். ஒருநாள் ஏற்றத்தில் என்ஜின் உறுமியதே தவிர, கியர் விழவில்லை. அளவுக்குச்சியை உருவினால் கியர் ஆயில் நிறைய இருந்தது. ஆயில் குறையில்லை என்றால் கியர்பாக்ஸே போய்விட்டது, இனி காயலான் கடைதான் என்று நினைத்தேன். காரைத் தள்ளி இறக்கம் பார்க்கத் திருப்பியபின், ஏதோ தோன்றி மறுபடி பார்த்தேன். குச்சி காய்ந்திருந்தது.

“ஒரே வண்டிக்கு ரெண்டு அளவா? குச்சிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடே,” என்றார் தள்ள வந்த செல்வம் அண்ணன்.

“குச்சி இல்லண்ணே, சரிவுதான் ஏமாத்துது. ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிருது.”

கீழே பந்து மைதானத்துக்கு மெல்ல உருட்டிப்போய், என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஆயில் குறைவாகத்தான் இருந்தது. குழாய் ஒன்று கசிந்திருந்தது. அதை மாற்றி ஆயில் ஊற்றியதும் கியர்கள் ஒழுங்காக விழுந்தன.

இப்போது சமதளத்தில் மட்டுமே ஆயில் பார்க்கிறேன். இந்த மலையில் அதற்கே சில நாள் வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.